சுவர் எந்தப் பக்கம்

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சின்னக்காதான். அவளைவிட மூத்த மேற்பார்வையாளருக்கும் சின்னக்கா, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் சின்னக்கா. எப்போதோ ஒரு நாள் தம்பி அவளைத் தேடி வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே "சின்னக்கா!" என்று கத்தியிருந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்; எத்தனை வெந்நீரில் அலசியும் போகவில்லை.

ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரி மெஷினுக்குள் விடுவது அவள் வேலை. எதிரே ஒருத்தி இரண்டு முனையைப் பிடிப்பாள், இந்தப் பக்கம் இவள். ஒரு உதறல், ஒரு இழுப்பு, உள்ளே. மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வரும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வேலை மும்முரத்துல மறந்து போச்சு" என்பாள். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பதைப் பார்க்க அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மதியத்துக்கு மேல் அவளுக்கு இன்னொரு வேலை: அம்மா. ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காலமெல்லாம் பரிமாறிய மனுஷி. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போயின; அதிகாரம் மட்டும் போகவில்லை. இடது கையின் ஆள்காட்டி விரலை வைத்தே வீட்டை நடத்தினாள். காலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரி இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கண் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் சின்னக்கா.

பெரியக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். "ஒண்ணுமே இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று வருகிறவர்களை உள்ளே அனுப்பி அனுப்பி, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவன் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மிதிக்கும். இந்த இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று சின்னக்காவிடம் பேசிப் பார்த்தார்கள். "நல்ல இடம்டி, நர்ஸெல்லாம் இருக்காங்க" என்றாள் பெரியக்கா. "நான் போனதுக்கப்புறம் பேசுங்க" என்று சின்னக்கா எழுந்து போய்விட்டாள். போன கோடையில் மெஷின் பக்கத்திலேயே அவள் மயங்கி விழுந்ததும் மறுபடி பேசினார்கள். அப்போதும் அதே பதில்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. விட்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதனால்தான், "ஒரு நாள் தம்பி கூடப் போய் அந்த மண்குன்றெல்லாம் பாத்துட்டு வாயேன், அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்று பெரியக்கா சொன்னபோது அவள் சந்தேகப்படாமல் சரி என்றுவிட்டாள். பெரியக்காவாக வந்து ஒரு நாள் முழுக்க இருக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

போகிற அன்று காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, மதியச் சாப்பாட்டைக் குழைய வேகவைத்து மூடி வைத்தாள். பெரியக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கும் அவங்கதான்டி அம்மா. கிளம்பு" என்று பெரியக்கா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

அம்மா விரலை ஆட்டினாள். போய் வா என்றுதான் சின்னக்கா எடுத்துக்கொண்டாள்.

காரில் தம்பி பெண்டாட்டி முன் சீட்டை விட்டுக்கொடுத்தாள். "அண்ணி, இன்னைக்கு நீங்கதான் விஐபி." தம்பி வழியெல்லாம் எதிரில் வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். "பாரு, இண்டிகேட்டர் போடாமத் திரும்பறான். எங்கிட்ட கத்துக்கிட்ட பயலாத்தான் இருக்கும்." சின்னக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சமவெளியில் புல்லும் கம்பி வேலியுமாகப் போய்க்கொண்டிருந்த சாலை ஒரு வளைவில் திரும்பியது. தரை அங்கே முடிந்துவிட்டது. கீழே, கண்ணுக்கு எட்டிய வரை, மழையும் காற்றும் அரித்துத் தின்ற மண்குன்றுகள். சாம்பல், காவி, மஞ்சள், நடுவில் பழைய காயம் போல ஒரு சிவப்புக் கோடு. ஒரு குன்றில் இருக்கும் கோடு அதே உயரத்தில் அடுத்த குன்றிலும் ஓடியது, யாரோ அளவு வைத்து இழுத்த மாதிரி. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கங்கே மண் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டைக் கல்.

"யம்மா" என்றாள் சின்னக்கா. "எவ்வளவு மடிப்பு! இதுக்கெல்லாம் யாரு இஸ்திரி போடறது?"

"அதான் உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கோம்" என்றான் தம்பி. "மெஷினை டிக்கியில வெச்சிருக்கேன், எறங்கு."

இறங்கும்போது அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தம்பி கையை நீட்டினான். "குடு, வண்டியிலயே வெச்சிடலாம். உள்ள சிக்னல் கிடையாது. தூசியில பாழாப் போயிடும்." அவளும் கொடுத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி தன் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். போட்டோ எடுக்க வேண்டும் அல்லவா.

பாதை முதலில் பலகை போட்ட நடைபாதையாக இருந்தது. பிறகு வெறும் மண். தடம் விட்டு இறங்காதே, கல்லைப் பொறுக்காதே என்று அங்கங்கே அறிவிப்பு. மண்ணின் மேல்தோல் காய்ந்து பொரி மாதிரி வெடித்திருந்தது. மிதித்தால் பொருபொருவென்று நொறுங்கியது. வெயில் மேலேயிருந்து பாதி, மண்ணிலிருந்து பாதி. பள்ளத்தில் இறங்கினால் சுவர் சுவராக மண் எழும்பிக் காற்றே இல்லாமல் போகும். மேட்டில் ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. ஒவ்வொரு மேட்டிலும் தம்பி பெண்டாட்டியின் போன் கிணுகிணுத்தது.

முதல் மேட்டில் அவள் போனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணி, அத்தைக்கு மாத்திரைய முழுசாக் குடுப்பீங்களா, பொடி பண்ணியா? பெரியண்ணி கேக்கறாங்க."

"பொடி பண்ணி வாழைப்பழத்துல. வெறுமனே குடுத்தா கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு, நாம அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவாங்க. கள்ளி!"

இரண்டாவது மேட்டில்: தலையணை ஒன்றா, இரண்டா? ஒன்று தலைக்கு, இன்னொன்று வலது கைக்கு அடியில், இல்லையென்றால் கை வீங்கும். அதற்கு அடுத்ததில்: பாதி ராத்திரியில் எழுந்தால் என்ன செய்வார்கள்? விளக்கைப் போடக் கூடாது, தோளைத் தட்டிக்கொடுத்தால் போதும். குளிக்க வைக்கும்போது முதலில் தலையா, காலா?

"காலு. தண்ணி முதல்ல கால்ல பட்டாத்தான் பயப்பட மாட்டாங்க. ஆனா இன்னைக்குத்தான் நான் குளிப்பாட்டிட்டேனே, எதுக்குக் கேக்கறா?"

தம்பி முந்திக்கொண்டு சொன்னான். "கத்துக்கறா போல. இனிமே அடிக்கடி வருவாளோ என்னவோ. விடேன்."

சின்னக்காவுக்கு உள்ளே ஏதோ இளகியது. இத்தனை நாளில் அம்மா எப்படிச் சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. "நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார்கள், இருக்காங்க என்பாள், அவ்வளவுதான். இப்போது கேட்கக் கேட்க, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். அம்மாவுக்கு மின்விசிறி காலுக்கு நேராக இருக்க வேண்டும், முகத்துக்கு ஆகாது. வானொலியில் செய்தி வந்தால் பிடிக்கும், புரிகிறதோ இல்லையோ. போர்வையை இழுத்துச் செருகினால் கோபம் வரும். தம்பி பெண்டாட்டி எல்லாவற்றையும் கட்டைவிரலால் தட்டி அனுப்பிக்கொண்டே வந்தாள். தம்பி முன்னால் போய்விட்டான். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. வெயில் என்று சின்னக்கா நினைத்தாள்.

தொப்பிக் கல் தூண்கள் கூட்டமாக நிற்கும் மேட்டுக்கு வந்தபோது பாதி வழி கடந்திருந்தது. அங்கே எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, போனில் இருந்ததை அப்படியே படித்தாள்.

"அண்ணி, கட்டில்ல படுத்தா அத்தைக்குச் சுவர் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"இடது பக்கம். நல்ல கையால சுவரைத் தொட்டுக்கிட்டேதான் தூங்குவாங்க."

சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். மண் சரிந்தது, ஒரு கை ஊன்றிச் சமாளித்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள்.

அம்மாவின் கட்டில் பின்னறை மூலையில் கிடக்கிறது. அம்மா விழுந்த நாளிலிருந்து அங்கேயேதான். சுவர் இடது பக்கம்தான் இருக்கிறது. அந்த அறையில் நிற்கிற யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அந்த அறையில் நிற்காதவர்கள்தான் கேட்பார்கள். காலியான ஒரு அறையில் கட்டிலை எங்கே தள்ளிப் போடுவது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்.

"டேய்" என்றாள்.

தம்பி திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"அம்மா எங்கடா?"

அவன் வலது கால் மண்ணை அழுத்தியது. "சின்னக்கா, சொல்றதைக் கொஞ்சம்…"

"எங்கன்னு கேட்டேன்."

"இல்லத்துல. நல்ல இடம், நானே போய்ப் பாத்தேன். ஒரு ரூம் காலியாச்சு, விட்டா கிடைக்காதுன்னாங்க. உங்கிட்டச் சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. கத்துவே, அழுவே, அம்மா அதைப் பாத்து மிரண்டு போவாங்கன்னு பெரியக்காதான்… நீ அன்னைக்கு மயங்கி விழுந்தியே, அப்படியே போயிருந்தா? உனக்காகத்தான் சின்னக்கா."

"எனக்காக" என்றாள் அவள். "எனக்காக என்னையே கேள்வி கேட்டு, நான் சொல்லச் சொல்ல அங்க அனுப்பினீங்க. இல்ல?"

தம்பி பெண்டாட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, எனக்கு மனசே ஆகல. இவருதான்…"

"என் மேல ஏன்டி போடறே? நீதான் கேள்விய அப்படியே படிச்சு மாட்டிவிட்டே!" என்று அவன் அவள் மேல் பாய்ந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்குங்க. போனைக் குடு."

பள்ளத்தில் சிக்னல் இல்லை. தம்பி பெண்டாட்டியின் போனைப் பிடுங்கிக்கொண்டு, வந்த பாதையில் திரும்பாமல், பக்கத்துச் சரிவிலேயே ஏறினாள். தடம் விட்டு ஏறக் கூடாது என்று பலகை இருந்தது, இருக்கட்டும். இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கியது. பொரிந்த மண் செருப்புக்குள் புகுந்தது, நகக்கண்ணில் ஏறியது. கீழேயிருந்து தம்பி "விழுந்திடுவே, விழுந்திடுவே" என்று, தன் மாணவர்களிடம் கத்துகிற அதே சுருதியில் கத்தினான். அவள் தவழ்ந்தே தூண்கள் நின்ற மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். எழுந்து நிற்பதற்குள் போன் அடித்தது.

"ஏய், எங்க போயிட்டே, எத்தனை தடவை அடிக்கறது?" பெரியக்காவின் குரல், தணிவாக, அவசரமாக. "வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நர்ஸும் பாத்துட்டா, நானும் பாத்துட்டேன், ஸ்பூனைத் தட்டி விடறாங்க. தண்ணிகூட இறங்கல. இப்படிச் சாப்பிடாதவங்களை வெச்சுக்க மாட்டோம், இன்னைக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க இங்க. அவகிட்ட ஏதாவது சாக்கு வெச்சுக் கேளு. எப்படித்தான் ஊட்டறான்னு. பக்குவமாக் கேளு, சந்தேகம் வரக் கூடாது, என்ன?"

காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது.

"கேக்குதா?" என்றாள் பெரியக்கா.

"கேக்குது" என்றாள் சின்னக்கா.

உடனே அந்தப் பல் டாக்டர் வரவேற்புக் குரல் வந்தது. "சின்னவளே… ஒண்ணுமே இல்லடி. நீ டென்ஷன் ஆகாதே. ரெண்டு நாள் பழகிட்டா சரியாயிடும்…"

"காலையில என் முதுகுல கை வெச்சுத் தள்ளினியே."

சின்னக்கா மேட்டில் உட்கார்ந்தாள். அம்மா எதற்கு வாயைத் திறப்பாள் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் இருந்தால் போதும். போனை அணைத்துவிட்டு இப்படியே உட்கார்ந்திருந்தால், சாயங்காலத்துக்குள் அம்மா பின்னறை மூலைக்கு வந்துவிடுவாள். யாரிடமும் சண்டை போட வேண்டாம், காலில் விழ வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை. தன்னிடமிருந்தே ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்களே, இது ஒன்று மட்டும் இன்னும் அவள் கையில் இருக்கிறது.

"காலையில ஏதாவது குடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"வண்டியில ஏத்தினதுலேருந்து எதுவும் இல்ல. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு" என்றாள் பெரியக்கா. இப்போது குரல் உடைந்திருந்தது. "கதவையே பாக்கறாங்கடி. என்னைப் பாக்கவே மாட்டேங்கறாங்க."

கீழே தம்பியும் அவன் பெண்டாட்டியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு கணவனும் மனைவியும் மூச்சிரைக்கப் பாதை வழியாக மேலே வந்து, சின்னக்காவைப் பார்த்துச் சிரித்து, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று போனை நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள், இருங்கள் என்று கையைக் காட்டினாள். அவர்கள் நகர்ந்து நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அங்க சமையல்கட்டு இருக்கா?" என்றாள் சின்னக்கா.

"இருக்கு, ஏன்?"

"ஒரு பாத்திரம் கேட்டு வாங்கு. பெரிசா. காலிப் பாத்திரம். ஒரு கரண்டியும். அம்மா கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சு, கரண்டியால அடியைச் சுரண்டு. நல்லாச் சத்தம் வரணும்."

"சுரண்டறதா?"

"கேன்டீன்ல பாத்திரம் காலியானாத்தான் பரிமாறறவங்க சாப்பிட உக்காருவாங்க. அது வரைக்கும் அம்மா வாயில ஒண்ணு போட்டதில்ல. இப்பவும் அப்படித்தான். அடி சுரண்டற சத்தம் கேட்டாத்தான் மத்தவங்க சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். சுரண்டிட்டு, பாத்திரத்தைக் கவுத்துக் காட்டு. அப்புறம் ஊட்டு."

போனைக் கீழே வைக்காமல் பெரியக்கா ஓடுவது கேட்டது. யாரிடமோ கேட்பது, கதவு, பாத்திரம் இடிபடுவது. பிறகு அந்தச் சத்தம். கரகரவென்று, தப்பும் தவறுமாக, பழக்கமில்லாத கையில். நிற்காமல் சுரண்டிக்கொண்டிருந்தாள் பெரியக்கா. இவளே "போதும், போதும்" என்று போனுக்குள் சொல்ல வேண்டியிருந்தது.

"திறந்துட்டாங்க!" என்று கத்தினாள் பெரியக்கா. பின்னால் நர்ஸ் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "சாப்பிடறாங்கடி! ஐயோ, நீ மட்டும் இல்லேன்னா… நீ நல்லா இருப்பேடி…"

சின்னக்கா அழைப்பைத் துண்டித்தாள். காத்துக்கொண்டிருந்தவர்களின் போனை வாங்கி, தூண்களும் சிவப்புக் கோடும் நேராக வரும்படி பிடித்து, ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தாள். "நீங்க தனியாவா வந்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆமா" என்றாள்.

மீதி வழி முழுக்க அவள் முன்னால் நடந்தாள். அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். மேட்டில் போன் கிணுகிணுத்தது, அவள் பார்க்கவில்லை. கார் நிற்கும் இடத்துக்கு வந்ததும் முன் சீட்டுக் கதவைத் தம்பி திறந்துவிட்டான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"சின்னக்கா" என்றான், கண்ணாடியில் பார்த்தபடி. "பெரியக்கா எனக்கும் மெசேஜ் போட்டிருந்தா. நீ சொல்லாம இருந்திருந்தா அம்மாவை இன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பாங்க. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? அம்மா எந்தக் கையால சுவரைத் தொடுவாங்கன்னுகூடத் தெரியாது. ஓட்டு."

"வீட்டுக்கா, அங்கயா?"

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மூலையில் வெறும் கட்டில் கிடக்கும்; மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருக்கும். போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"இப்பத் தூங்கறாங்க" என்றாள் பெரியக்கா, கிசுகிசுப்பாக, சந்தோஷமாக. "நீ ஒண்ணு செய்யேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் என்ன பண்ணணும்னு கொஞ்சம்…"

"நான் வரேன். நானே நர்ஸுக்குச் சொல்லித் தரேன்."

"வா வா, நான் இங்கயேதான் இருக்கேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்டி."

"நான் வர்றப்ப நீ அங்க இருக்கக் கூடாதுக்கா."

"என்னடி இது…"

"கூடாது. இனிமே நான் இருக்கற நேரத்துல நீ வராதே. நீ இருக்கற நேரத்துல நான் வரல. நேரத்தை நர்ஸ்கிட்டக் கேட்டுக்கோ. எங்கிட்ட எதுவும் கேக்காதே."

போனை முன் சீட்டுக்கு நீட்டினாள். தம்பி பெண்டாட்டி திரும்பாமலே வாங்கிக்கொண்டாள். தம்பி வண்டியை எடுத்தான். வளைவில் எதிரே ஒருவன் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே திரும்பினான். தம்பி திட்டாமல் அவனுக்கு வழிவிட்டு ஓட்டினான். சின்னக்கா குனிந்து, செருப்பைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே பிடித்து மண்ணைத் தட்டினாள்.